ஒரு தளபதியின் நூலும் ஓர் ஆசிரியரின் நாட்குறிப்பும்

ஓர் ஆட்சி முடிவதற்கு ஒரு நாள் போதும். ஒரு கொடி இறங்கும். மற்றொரு கொடி ஏறும். ஒப்பந்தத்தில் கையொப்பம் விழும். ஆனால், அவ்வாட்சி முடிந்துவிட்டது என்பதை அதனை நடத்தியவர்களின் மனம் ஏற்றுக்கொள்ள எத்தனை நாள் வேண்டும்? சிலருக்கு ஒரு வாழ்நாளும் போதுவதில்லை. அத்தகையோர் ஓய்வு பெற்றபின் பெரும்பாலும் ஒரு காரியம் செய்கின்றனர்: நூல் எழுதுகின்றனர்.

ஏகாதிபத்தியத்தின் இறுதிக்காலத்தைப் பற்றி ஓய்வு பெற்ற படைத்தலைவர்கள் எழுதிய நினைவு நூல்கள் ஐரோப்பிய மொழிகளில் ஏராளம். அவற்றை வெறும் போர்க்கதைகள் என்று நாம் தள்ளிவிட இயலாது. ஆளப்பட்ட மக்களின் வரலாறு நெடுங்காலம் ஆண்டோரின் ஏடுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. நாம் பள்ளியில் படித்த பாடங்களிலும் அந்த மையின் கறை உண்டு. எனவே, அந்நூல்களை எவ்வாறு படிப்பது என்று கற்றுக்கொள்வது நமக்குப் பொழுதுபோக்கன்று, கடமையாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது பிரெஞ்சுத் தளபதி ரவூல் சலான் எழுதிய நினைவுக் குறிப்புகள். 1970 முதல் 1974 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலுக்கு அவர் இட்ட பொதுத்தலைப்பு, 'ஒரு பேரரசின் முடிவு' என்பது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக மற்றொரு நூலையும் எடுத்துக்கொள்கின்றோம். அது 1962ஆம் ஆண்டு வெளிவந்தது. மௌலூத் ஃபெராவுன் என்னும் அல்ஜீரியப் பள்ளி ஆசிரியரின் நாட்குறிப்பு. இரண்டும் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. இரண்டும் ஒரே நாட்டைப் பற்றியவை. பெரும்பகுதி ஒரே ஆண்டுகளைப் பற்றியவை. ஒருவர் படை நடத்தியவர். மற்றவர் பாடம் நடத்தியவர். இவ்விருவரையும் பிணைக்கும் வேறொரு கொடிய தொடர்பும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

*

முதலில் களத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

காரைக்காலிலும் புதுவையிலும் வாழும் நம் வாசகர்களுக்கு 1954 நவம்பர் 1ஆம் நாளை நினைவூட்ட வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியின் பொறுப்பு அன்றுதான் இந்திய அரசின் கைக்கு மாறியது. வெடிச்சத்தமின்றி ஒரு கொடி இறங்கி மற்றொரு கொடி ஏறியது. அதே 1954 நவம்பர் 1ஆம் நாள் அதே பிரெஞ்சு அரசின் மற்றோர் உடைமையில் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கின. அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணி தன் போரைத் தொடங்கிய நாள் அது. பாரிஸில் அன்று ஆட்சியில் இருந்தவர் ஒரே பிரதமர், மெந்தேஸ் பிரான்ஸ். ஓரிடத்தைச் சமாதானமாக ஒப்படைத்த அதே அரசு, மற்றோரிடத்துக்குப் படைகளை அனுப்பியது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? காரைக்காலைப் பிரான்சு தன் உடைமை என்று எண்ணியது. அல்ஜீரியாவையோ தன் உடம்பு என்று எண்ணியது. 1830இல் படையெடுத்துப் பிடித்த அந்நாட்டை 1848இல் பிரான்சின் மாவட்டங்களாகவே அறிவித்துவிட்டார்கள். 1954 அளவில் அங்கே ஏறத்தாழ 10 லட்சம் ஐரோப்பியர் குடியேறி வாழ்ந்தனர். மண்ணின் மக்களாகிய முஸ்லிம்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர். 1865ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிரெஞ்சுப் பிரஜைகள் என்றது; ஆனால் முழுக் குடியுரிமை வேண்டுவோர் திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் ஷரீஅத்தைக் கைவிட வேண்டும் என்றது. அதற்கு இசைந்தோர் மிகச் சிலரே. 1947இல் ஒரு சட்டமன்றம் தந்தார்கள். அதன் 120 இடங்களில் 60 ஐரோப்பியர் தொகுதிக்கு. 60 முஸ்லிம்களின் தொகுதிக்கு. 10 லட்சமும் 80 லட்சமும் சமம் என்பது அந்தக் கணக்கு! அந்தத் தேர்தலையும் 1948இல் அதிகாரிகள் நேர்மையாக நடத்தவில்லை. அதற்கு முன்பே, 1945 மே மாதம் ஸெத்தீஃப், குவெல்மா வட்டாரங்களில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் மாண்டனர். இத்தகைய மண்ணில்தான் 1954இல் தீப்பற்றியது.

*

ரவூல் சலான் 1899 ஜூன் 10ஆம் நாள் தென் பிரான்சில் பிறந்தவர். முதல் உலகப்போரின் இறுதியில் இளைஞராகக் களம் கண்டார். பின்னர் அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி குடியேற்ற நாடுகளிலேயே கழிந்தது. இந்தோசீனாவில் நெடுங்காலம் இருந்தார். 1952, 1953 ஆண்டுகளில் அங்கே தலைமைத் தளபதியாகவும் இருந்தார். பிரெஞ்சுப் படையில் மிகுதியான விருதுகள் பெற்ற வீரர்களுள் ஒருவர் என்பது அவருக்கு இருந்த பெயர். 1956இன் இறுதியில் அல்ஜீரியாவின் தலைமைத் தளபதியானார். 1957 ஜனவரியில் அவருடைய அலுவலகத்தின்மீது ராக்கெட் குண்டு வீசப்பட்டது. அவர் உயிர் தப்பினார். துணை அதிகாரி ஒருவர் மாண்டார். வீசியவர்கள் முஸ்லிம் போராளிகள் அல்லர். 'இவர் நம்மைக் கைவிட்டுவிடுவார்' என்று ஐயுற்ற ஐரோப்பியத் தீவிரவாதிகள்!

1958 மே மாதம் அல்ஜியர்ஸ் நகரில் ஐரோப்பியர் கிளர்ந்தெழுந்தபோது, மாளிகையின் மேல்மாடத்தில் நின்று ஜெனரல் டி கால் வாழ்க என்று முழங்கியவர் இதே சலான். அந்த முழக்கம் பன்னிரண்டாண்டுகள் ஒதுங்கியிருந்த ஒருவரை ஆட்சிக்கு அழைத்து வருவதில் பெரும்பங்கு கொண்டது. ஆனால் டி கால், சலான் எண்ணிய வழியில் செல்லவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே சலானை அல்ஜீரியாவிலிருந்து மாற்றினார். 1959 செப்டம்பரில், அல்ஜீரியர் தம் வருங்காலத்தைத் தாமே முடிவு செய்வர் என்று அறிவித்தார். 1960 ஜூனில், 61 வயது நிறைந்த நிலையில், சலான் ஓய்வு பெற்றார்.

இங்குதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 'ஒரு பேரரசின் முடிவு' என்னும் நூலின் நான்காம் தொகுதி முடிவடைவதும் அந்த 1960 ஜூன் மாதத்தோடுதான்!

பேரரசு அன்று முடிந்துவிடவில்லை. அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962 ஜூலையில். இடைப்பட்ட இரண்டாண்டுகளே சலானின் பெயரை உலகறியச் செய்தவை. 1960இன் இறுதியில் அவர் ஸ்பெயினுக்குச் சென்றார். 1961இன் தொடக்கத்தில் மத்ரித் நகரில் ஓ.ஏ.எஸ். எனப்படும் இரகசிய இராணுவ அமைப்பு உருவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 22ஆம் நாள் ஷால், ழுவோ, ஸெல்லர் ஆகிய தளபதிகள் அல்ஜியர்ஸில் அரசை எதிர்த்துக் கலகம் செய்தனர். மறுநாள் சலான் வந்து அவர்களோடு சேர்ந்தார். அன்றிரவு தொலைக்காட்சியில் தோன்றிய டி கால், இவர்களை ஓய்வு பெற்ற தளபதிகள் சிலர் என்று எள்ளினார். நான்கு நாள்களில் கலகம் அடங்கியது. சலான் தலைமறைவாகி ஓ.ஏ.எஸ்.ஸின் தலைவரானார். குண்டுவெடிப்புகளும் தெருவோரக் கொலைகளும் ஓராண்டு தொடர்ந்தன. 1962 ஏப்ரல் 20ஆம் நாள் அல்ஜியர்ஸில் மாறுவேடத்தில் பிடிபட்டார்.

தம் நூலுக்குப் 'பேரரசின் முடிவு' என்று பெயரிட்ட ஆசிரியர், அந்த முடிவின் இறுதி ஈராண்டுகளை எழுதாமல் விட்டுவிட்டார். அவர் எழுதி முடித்திருப்பது தம் உத்தியோகத்தின் முடிவையே. பணி ஓய்வையும் பேரரசின் ஓய்வையும் அவர் ஒன்றாகவே கருதினார் போலும். தாம் சீருடையைக் களைந்த நாளில் ஒரு நாடும் மறைந்துவிட்டது என்று கருதும் மனம் அது. இந்நூலைத் திறக்கும் சாவி இதுவே என்பது நம் கருத்து.

நான்காம் தொகுதியின் தலைப்பைப் பாருங்கள்: 'அல்ஜீரியா, டி கால், நான்'. மூன்றே சொற்கள். ஒரு நிலம், அந்நிலத்தின் பொருட்டுப் பகைத்துக்கொண்ட இருவர். இருவரும் பிரெஞ்சுக்காரர். அல்ஜீரியர் எங்கே? அந்தத் தலைப்பில் அவருக்கு இடமில்லை. நிலம் இருக்கிறது, நிலத்துக்குரியவர் இல்லை. நூலுள் ஆணைகளும் கடிதங்களும் அறிக்கைகளும் நிரம்பிக் கிடக்கின்றன. வாசகர் கண்ணில் மீண்டும் மீண்டும் படுவது ஒரு வழக்கு: 'நான் அவரை அழைத்து வந்தேன், அவர் என்னை ஏமாற்றினார்.' அல்ஜீரியாவின் இழப்பு அவருக்கு ஒரு மக்களின் வெற்றியாகத் தோன்றவேயில்லை. ஒரு நண்பரின் துரோகமாகவே தோன்றுகிறது. துரோகம் என்று சொல்லிவிட்டால் வேறு கேள்வி எழாதல்லவா? 'எனக்குரியதை அவன் பறித்தான்' என்று அழுகின்றவனிடம், 'அது உனக்குரியதுதானா?' என்று யார் கேட்கப் போகிறார்கள்?

சலானின் மௌனம் நூலில் தொடங்கியதன்று. 1962 மே மாதம் பாரிஸில் வழக்கு நடந்தபோது, தாமே ஓ.ஏ.எஸ்.ஸின் தலைவர் என்றும், பொறுப்பு முழுவதும் தம்முடையதே என்றும் அவர் ஓர் அறிக்கை படித்தார். அதன்பின் கேள்விகளுக்கு விடையளிக்கப் போவதில்லை என்று வாய்மூடிக்கொண்டார். பொறுப்பை மொத்தமாக ஏற்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால் மொத்தமாக ஏற்பது, ஒவ்வொன்றாகப் பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிடும். இன்னாரைக் கொன்றது ஏன், இன்ன பள்ளியை எரித்தது ஏன் என்ற கேள்விகள் அங்கே கேட்பாரற்றுப் போகின்றன. பன்னிரண்டாண்டுகள் கழித்து நான்காம் தொகுதி வெளிவந்தபோதும் அக்கேள்விகளுக்கு முன்னதாகவே அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

*

இனி அடுத்த நூலுக்கு வருவோம்.

மௌலூத் என்னும் பெயர் நமக்கு அந்நியமானதன்று. மௌலூத் ஃபெராவுன் 1913ஆம் ஆண்டு கபீலிய மலைநாட்டில் திஸி ஹிபெல் என்னும் சிற்றூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். உதவிப்பணத்தில் படித்து, அல்ஜியர்ஸை அடுத்த பூஸரேயா ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தேறி, தம் மலைநாட்டிலேயே ஆசிரியரானார். 1950இல் 'ஏழையின் மகன்' என்னும் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. மேலும் இரு நாவல்கள் தொடர்ந்தன. போர் தொடங்கி ஓராண்டு ஆனபின், 1955 நவம்பரில், பள்ளிக் குறிப்பேடுகளில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

அந்நாட்குறிப்பில் மாவீரர்கள் இல்லை. அங்கே இருப்பவர்கள் ஊர் மக்கள். பகலில் பிரெஞ்சுப் படை வந்து கதவை உடைக்கும். இரவில் போராளிகள் வந்து வரி கேட்பார்கள். ஆண்கள் கொண்டுசெல்லப்படுவார்கள், பெண்கள் மானத்துக்கு அஞ்சி நடுங்குவார்கள். புகைபிடித்தவனுக்குத் தண்டம் விதிக்கப்படும். காலையில் வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டில் இரவு என்ன நடந்தது என்று ஆசிரியர் எண்ணிக்கொள்வார். பிரெஞ்சு ஆட்சியின் அநீதியை அவர் மழுப்பாமல் எழுதுகின்றார். தம் மக்கள் விடுதலை பெற்றே தீரவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதே கையால், விடுதலைப் போராளிகள் தம் மக்களுக்கே இழைத்த கொடுமைகளையும் எழுதிவைக்கின்றார். இரு தரப்பினரும் ஐயுற்ற மனிதராக அவர் வாழ்ந்தார். 1957இல் மலைநாட்டை விட்டு அல்ஜியர்ஸுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று.

சலானின் ஏடுகளையும் இவற்றையும் மாறி மாறிப் படிக்கும்போது ஒன்று புலனாகும். தளபதியின் பக்கத்தில் மக்கள் தொகையாகத் தோன்றுகின்றனர்: 'முஸ்லிம் மக்கள் நம் பக்கம் வந்தனர், முஸ்லிம் மக்கள் தயங்கினர்.' ஆசிரியரின் பக்கத்திலோ மக்கள் ஆள் ஆளாகத் தோன்றுகின்றனர். இன்னாரின் மகன், இன்ன தெருக் கடைக்காரர், இன்ன கிழவி. தளபதிக்குத் தாம் செய்தது சரியே என்பதில் ஐயமில்லை. ஆசிரியருக்குத் தம்மைப் பற்றியே ஐயம் உண்டு. பிரெஞ்சு மொழியால் வளர்ந்த தாம், பிரெஞ்சு ஆட்சியை வெறுக்கும் தாம், யார்? இந்தக் கேள்வியை அவர் ஒளிக்கவில்லை. தன்னையே விசாரணைக் கூண்டில் நிறுத்திக் கேட்கும் எழுத்துக்கும், தனக்கே வழக்கறிஞராக வாதாடும் எழுத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

நாட்குறிப்பின் கடைசிப் பதிவு 1962 மார்ச் 14ஆம் நாளுக்குரியது. அல்ஜியர்ஸ் தெருக்களில் ஓ.ஏ.எஸ். கொலைகள் நாள்தோறும் நடந்த காலம். தம் உயிர்மீதுள்ள ஆசையையும் பிள்ளைகளைப் பற்றிய கவலையையும் மறைக்காமல் எழுதிவிட்டு, மறுநாள் வேலைக்குப் புறப்பட்டார். அப்போது அவர் சமூகக் கல்வி மையங்களின் ஆய்வாளர். எழுத்தறியாதவர்களுக்கு எழுத்தும், நோயாளிகளுக்கு மருந்தும், இளைஞர்களுக்குத் தொழிலும் கற்பிக்க 1955இல் ஏற்பட்டவை அந்த மையங்கள். மார்ச் 15 காலை, நகரின் மேட்டுப்பகுதியில் அமைந்த அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆயுதம் தாங்கிய குழு உள்ளே புகுந்தது. பெயர்களை வாசித்தது. வெளியே அழைத்துச் சென்று சுவரோரம் நிறுத்தி ஆறு பேரைச் சுட்டுக் கொன்றது. ஃபெராவுன், அலி ஹமூத்தேன், ஸாலிஹ் வுல்த் அவ்தியா ஆகிய மூவர் அல்ஜீரியர்கள். மக்ஸ் மர்ஷான், மர்செல் பாஸே, ரொபேர் எமார் ஆகிய மூவர் பிரெஞ்சுக்காரர்கள். அறுவரும் கல்விப் பணியாளர்கள். கொன்றது ஓ.ஏ.எஸ்.ஸின் கொலைப்படை. அவ்வமைப்பின் தலைவர் அன்று ரவூல் சலான்.

முதலில் நாம் குறிப்பிட்ட கொடிய தொடர்பு இதுவேயாகும்.

மூன்று நாள் கழித்து, மார்ச் 18ஆம் நாள், எவியன் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறுநாள் நண்பகல் போர் நிறுத்தம். ஆட்சி போய்விட்டது என்று தெரிந்தபின் ஓர் ஆசிரியரைக் கொல்வதால் எந்தப் பேரரசு மீளும்? மீளாது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஓ.ஏ.எஸ். தீவைத்தபோது லட்சக்கணக்கான நூல்கள் எரிந்தன. அதனால் எந்த நிலம் திரும்பி வந்தது? 'எனக்கில்லையேல் எவர்க்கும் வேண்டாம்' என்னும் வெறி அது. முடிவை ஏற்க மறுக்கும் மனம் வெறும் சோகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

*

நடுநிலை தவறலாகாது. சலானின் தரப்பில் சொல்லத்தக்கவை இல்லாமலில்லை.

அல்ஜீரியாவிலிருந்த ஐரோப்பியர் அனைவரும் பெருநிலக்கிழார்கள் அல்லர். தபால்காரர், தையற்காரர், சிறுகடை வைத்திருந்தோர் ஆகியவர்களே மிகுதி. மூன்று நான்கு தலைமுறைகளாக அங்கேயே பிறந்து, அங்கேயே தம் முன்னோரை அடக்கம் செய்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் 1962இல் ஒரு சில மாதங்களில், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கப்பலேறினர். ஜூலை 5ஆம் நாள் ஓரான் நகரில் ஐரோப்பியர் பலர் கொல்லப்பட்டனர். பிரெஞ்சுப் படைக்கு உதவிய 'ஹர்க்கி' முஸ்லிம்களைப் பிரான்சு கைவிட்டது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டனர். அந்தக் கண்ணீரும் கண்ணீரே. டி காலின் சொற்கள் 1958இல் ஒருவிதமாகவும் 1960இல் வேறுவிதமாகவும் இருந்தன என்பதும் உண்மையே. ஒரு வீரர் தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும், அந்த எளிய ஐரோப்பியரின் துன்பத்தைப் பெருக்கியவர்கள் யார்? இரு சமூகமும் ஒரே மண்ணில் வாழும் வழியை எவியன் ஒப்பந்தம் ஓரளவு திறந்து வைத்திருந்தது. ஓ.ஏ.எஸ். தொடர்ந்து நடத்திய கொலைகள் அந்த வழியை இரத்தத்தால் அடைத்தன. காக்க வந்ததாகச் சொன்ன மக்களையே அவர்கள் வீடற்றவர்களாக்கினர். இதனையும் 'ஒரு பேரரசின் முடிவு' சொல்லவில்லை. 1960இல் நின்றுவிட்ட நூல் இதை எவ்வாறு சொல்லும்?

*

சலானுக்கு 1962 மே 23ஆம் நாள் ஆயுள் தண்டனை கிடைத்தது. 1968 ஜூனில் விடுதலையானார். 1982இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவருக்குத் தளபதிப் பதவியின் உரிமைகளைத் திருப்பித் தந்தது. 1984 ஜூலை 3ஆம் நாள் காலமானார். அல்ஜீரியாவின் விடுதலையைப் பிரான்சு முறைப்படி ஏற்றதும் 1962ஆம் ஆண்டு அதே ஜூலை 3ஆம் நாள்தான்.

ஆக, அரசு அவரை மன்னித்துவிட்டது. ஆனால், மன்னிக்கும் உரிமை அரசுக்கு மட்டுமா உண்டு? அடியார்களின் உரிமை, ஹக்குல் இபாத், என்று நம் பெரியோர் ஒன்றைச் சொல்வர். மனிதன் மனிதனுக்கு இழைத்த தீங்கை, பாதிக்கப்பட்டவன் பொறுக்காதவரை அது பொறுக்கப்படுவதில்லை என்பது அதன் சாரம். பாரிஸில் சட்டம் இயற்றியபோது அந்த ஆறு ஆசிரியர்களின் மனைவி மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்களிடம் ஒரு சொல் பேசுவதற்குத் தளபதிக்கு நான்கு தொகுதிகள் இருந்தன. இருபது ஆண்டுகளும் இருந்தன.

வேறு விதமாக நடந்துகொள்ள இயலாதா? இயலும். அதே படையில் பணியாற்றிய வேறு இரு தளபதிகள் இதற்குச் சாட்சி.

தளபதி ழாக் மஸ்ஸூ 1957இல் அல்ஜியர்ஸ் நகரை ஒடுக்கியவர். 1966இல் வெளிவந்த 'அல்ஜியர்ஸ் போர்' திரைப்படத்துக்கு மறுப்பாக, ஓய்வு பெற்றபின் 1971இல் 'உண்மையான அல்ஜியர்ஸ் போர்' என்னும் நூலை எழுதினார். சித்திரவதை நடந்தது என்று ஒப்புக்கொண்டார். அது தேவையாயிருந்தது என்றும் வாதாடினார். இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2000 ஜூனில், இளவயதில் பிரெஞ்சுப் படையிடம் சிக்கிச் சித்திரவதைக்கு உள்ளான லூயிஸெத் இகிலாஹ்ரிஸ் என்னும் அல்ஜீரியப் பெண்மணி, தமக்கு நேர்ந்ததை 'லெ மோந்த்' நாளிதழில் வெளிப்படையாகக் கூறினார். அப்போது மஸ்ஸூவுக்கு வயது 92. அவர் மறுக்கவில்லை, வழக்குத் தொடுக்கவில்லை. போரில் சித்திரவதை இன்றியமையாததன்று என்றும், அல்ஜீரியாவை நினைக்கையில் வருத்தமுறுவதாகவும், வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்றும் அதே நாளிதழில் கூறினார். தாம் எழுதிய நூலைத் தாமே திருத்தியதற்கு ஒப்பாகும் அது. அவர் 2002இல் மறைந்தார். தவ்பாவின் வாயில் தொண்ணூற்றிரண்டாம் வயதிலும் மூடப்படுவதில்லை போலும்!

மற்றொருவர் தளபதி பாரி தெ பொல்லார்தியேர். அவர் ஓய்வுக்காகக் காத்திருக்கவில்லை. 1957இல், பதவியில் இருக்கும்போதே, சித்திரவதையை ஏற்க மறுத்துத் தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோரினார். பகிரங்கமாகக் கடிதமும் எழுதினார். அதற்காக 60 நாள் கோட்டைச் சிறை அனுபவித்தார். 1972இல் வெளியிட்ட நூலுக்கு 'அல்ஜியர்ஸ் போர், மனிதனின் போர்' என்று பெயரிட்டார். தலைப்பிலேயே மனிதன் வந்துவிடுகிறான். சலானின் தலைப்பில் விடுபட்டுப்போனவன் இவனே.

ஆகவே, காலமும் கல்வியும் பயிற்சியும் இப்படித்தான் நினைக்கச் செய்தன என்று சலானுக்காகச் சமாதானம் சொல்ல இயலாது. அதே காலம், அதே கல்வி, அதே பயிற்சி மற்ற இருவருக்கும் இருந்தன. அவ்விருவரும் எதிரில் நிற்பவரை ஓர் ஆளாகக் கண்டனர். ஒருவர் உடனே கண்டார். மற்றவர் நாற்பத்து மூன்றாண்டுகள் கழித்து, ஒரு பெண்ணின் குரல் கேட்டுக் கண்டார். ஆட்சி முடிந்ததை ஏற்பது என்பது தேதியை ஏற்பதன்று. எதிரில் நின்றவருக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு என்பதை ஏற்பதாகும்.

*

இறுதியாக நம்மைப் பற்றியும் ஒரு சொல்.

பிறர் நூலை இவ்வாறு அளக்கும் கோலை நம் வீட்டு ஏடுகளுக்கும் வைத்துப் பார்க்க வேண்டாமா? நம் கடற்கரை ஊர்களின் குடும்ப வரலாறுகளை நாம் பெருமையோடு எழுதிவருகின்றோம். மரக்கலம் ஓட்டிய பாட்டனாரின் பெயரும், அவர் கட்டிய பள்ளிவாசலும், அவர் கொடுத்த கொடையும் அவற்றில் இருக்கும். அந்தக் கப்பலில் பாய் இழுத்தவன் பெயர் இருக்குமா? முத்துக் குளிக்க மூழ்கி மேலே வராதவனின் பெயர் இருக்குமா? அந்த வீட்டில் அடுப்பெரித்த பெண்ணின் பெயர் இருக்குமா? நம் முன்னோர் சலான் அல்லர்; இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆனால் தலைப்பில் நிலம் இருந்து, தலைவர் இருந்து, மற்றவர் இல்லாது போகும் அந்த எழுத்துப் பழக்கம் எவருக்கும் எளிதில் வந்துவிடக்கூடியது.

ஃபெராவுனிடமிருந்து நாம் கற்கத்தக்கது இங்கேதான் இருக்கிறது. தம் மக்களின் பக்கம் நின்றுகொண்டே தம் மக்களின் தவற்றையும் அவர் எழுதிவைத்தார். அதனால் அவருடைய விடுதலை வேட்கை குறைந்துவிடவில்லை. அவருடைய சாட்சியம் நம்பத்தக்கதாயிற்று. தளபதியின் நான்கு தொகுதிகள் தீர்ப்பை முதலில் எழுதிக்கொண்டு சான்றுகளைப் பின்னர் தேடியவை. ஆசிரியரின் குறிப்பேடு தீர்ப்பு எழுதவில்லை, கண்டதை எழுதியது. 1962 மார்ச் 14ஆம் நாளுக்குப் பின் அதில் எழுதுவதற்குக் கை இல்லாமற் போயிற்று. தளபதிக்கோ கை இருந்தது, மை இருந்தது, 1984 வரை நாளும் இருந்தது. எழுதப்படாத அந்த ஐந்தாம் தொகுதியே அவருடைய நூல்களில் நாம் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது.